குறிப்புக்கும் தஸ்தாவேஜுக்கும் நடுவே

எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் காரியதரிசியாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பதவியை விரும்பி ஏற்றேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் ஏற்றேன் என்பதே வாஸ்தவம். மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்தில், சாக்கடை அடைப்பு முதற்கொண்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது ஈறாக எழுகிற சகல விஷயங்களையும் நீளக் கணக்கு நோட்டு ஒன்றில் அரைகுறை வாக்கியங்களாகக் கிறுக்கிக்கொண்டு வந்து, இரண்டு மூன்று நாள் அதை அலமாரியில் கிடக்கவிட்டு, பிறகு ஓய்வான ஒரு பிற்பகலில் அதையே கூட்ட நடவடிக்கை என்ற கௌரவமான உருவத்தில் திருத்தி எழுதி, கடைத்தெருவில் தட்டச்சு செய்யக் கொடுத்து, எழுத்துப்பிழை பார்த்து, நகலெடுத்து, வீட்டுக்கு ஒன்றாக அனுப்பிவைப்பது என் வழக்கமாக இருந்தது. ஒரே விஷயத்தை மூன்று தடவை எழுதுகிற அனாவசியமான உழைப்பு இதில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால் பழகிப்போன சிரமத்தை யார் சிரமமென்று எண்ணுகிறார்கள்?

சென்ற ஆண்டு கோடையில் விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன், சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவன், நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த காட்சியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் மாமா, எழுதினதையே எழுதிட்டு உட்கார்ந்திருக்கீங்க? இதெல்லாம் மிஷினே பண்ணிடுமே" என்றான். ஒரு மணி நேரத்துக்குள் அவன் செய்துகொடுத்த ஏற்பாடு இதுதான்: நோட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியில் குறிப்பெடுக்கும் செயலி ஒன்று, சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் முத்திரையும் என் கையொப்பத்தின் படமும் அச்சிட்டாற்போல் அமைந்த மாதிரித் தாள் ஒன்று, இரண்டுக்கும் நடுவே, யாரும் ஏவாமலே ஓடி ஓடிச் சேவகம் செய்கிற இடையாள் ஒன்று. நான் குறிப்பை எழுதி முடித்து, 'கூட்டம்' என்னும் அடைவுக்குள் அதைத் தள்ளிய மாத்திரத்தில், இடையாள் விழித்துக்கொண்டு, தேதியையும் வந்திருந்தோர் பெயர்களையும் தீர்மானங்களையும் பிரித்தெடுத்து, மாதிரித் தாளில் அதனதன் ஸ்தானத்தில் பொருத்தி, பி.டி.எஃப். கோப்பாக மாற்றி, எண்பத்து மூன்று வீடுகளின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மண்டபத்தின் படியிறங்குவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

இப்படிப்பட்ட இடையாட்கள் உலகில் இப்போது அநேகம். ஜேப்பியர் என்ற சேவை 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் மூன்று இளைஞர்களால் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஐ.எஃப்.டி.டி.டி. என்பதன் பெயரே, 'இது நடந்தால் அதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் சுருக்கத்தால் ஆனது. பிராக் நகரில் இன்டெக்ரோமேட் என்ற பெயரோடு பிறந்த வேறொன்று 2022-இல் மேக் என்று நாமகரணம் மாற்றிக்கொண்டது. எவர்நோட், நோஷன் முதலிய குறிப்புச் செயலிகளில் எழுதுவதை எடுத்துக் கூகுள் டாக்ஸ் மாதிரியில் இட்டு நிரப்புவது இவற்றுக்கு மிகச் சாதாரணமான வேலை. மாதிரியில் பெயர் வரவேண்டிய இடத்தில், நெளிந்த அடைப்புக்குறிகளை இரட்டையாகப் போட்டு, நடுவே 'பெயர்' என்று எழுதிவைத்தால் போதும். வேளை வரும்போது யந்திரம் அங்கே மெய்யான பெயரைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

இதை அவன் விளக்கியபோது எனக்கு விந்தையாக ஒன்றும் தோன்றவில்லை, ஏனெனில் இந்த அடைப்புக்குறிக்குத் தமிழில் வெகுகாலமாகவே ஒரு சொல் இருக்கிறது. 'இன்னார்' என்பதே அது. இன்னார் மகன் இன்னார், இன்ன ஊரில் வசிப்பவர், இன்ன தேதியில் இன்னாருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் என்று, பெயரற்ற மாதிரிப் பத்திரத்தை மனத்திலேயே சுமந்துகொண்டு திரிந்த ஆவண எழுத்தர்கள் நம் சார்பதிவாளர் அலுவலகங்களின் வாசலில் மரத்தடி மரத்தடியாக வீற்றிருந்தார்கள். இன்றும் சில ஊர்களில் இருக்கிறார்கள். கலியாணப் பத்திரிகை அச்சடிக்கும் சிற்றூர் அச்சகக்காரர், 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கும் வாசகத்தை ஈயத்தில் கோத்து, நூலால் கட்டி, கலைக்காமல் அலமாரியில் வைத்திருப்பார்; முகூர்த்த காலம் வந்ததும் வருஷம், மாதம், தேதி, மணமக்கள் பெயர் ஆகியவற்றை மட்டும் மாற்றிக் கோத்துக் காகிதத்தில் அழுத்துவார். ஆகவே மாதிரியும் புதியதன்று, நிரப்புவதும் புதியதன்று. புதியது எது என்று கேட்டால், நிரப்புகிறவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார் என்பதுதான். ஆவண எழுத்தர் செக்குபந்தி எழுத வரும்போது பேனாவை நிறுத்தி, "வடக்கே யார் நிலம்? அவர் இருக்கிறாரா, பாகம் பிரிந்துவிட்டதா?" என்று கேட்பார், அச்சகக்காரர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, "பெண்ணுக்குத் தாத்தா பேர் போடவில்லையே, பரவாயில்லையா?" என்று விசாரிப்பார். அந்தக் கேள்வியால் தவிர்க்கப்பட்ட வழக்குகளுக்கும் மனஸ்தாபங்களுக்கும் எந்தக் கச்சேரியிலும் கணக்குக் கிடையாது.

பி.டி.எஃப். என்பதன் ஜாதகத்தையும் இங்கே சொல்லிவிடுவது பொருந்தும். அடோபி நிறுவனத்தை 1982-இல் நிறுவிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக், 1991-ஆம் ஆண்டு 'கேமலாட்' என்ற திட்டத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஓர் இயந்திரத்தில் உருவான காகிதம் வேறோர் இயந்திரத்தின் திரையிலும், வேறொரு நாட்டின் அச்சுப்பொறியிலும், இம்மியும் பிசகாமல் அதே தோற்றத்தோடு காணப்படவேண்டும் என்பதே அவருடைய அபிலாஷை. இரண்டாண்டு கழித்து, 1993-இல், அந்த அபிலாஷை பி.டி.எஃப். ஆக வெளிவந்தது, 2008-இல் சர்வதேச தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்றுப் பொதுச் சொத்தாயிற்று. அதன் பிரதானமான குணம் மாறாமை. அடித்தல் திருத்தல் இல்லாத, ஓரங்கள் ஒழுங்குபட்ட, எங்கே திறந்தாலும் ஒரே முகம் காட்டுகிற ஒரு காகிதத்தைக் கண்டால், அதில் எழுதியிருப்பதும் அப்படியே ஸ்திரமானது என்று மனிதமனம் தானாகவே நம்பிவிடுகிறது. நம் அலுவலகங்களில் "பி.டி.எஃப்-ஆ அனுப்புங்க" என்று சொல்லும்போது அவர்கள் கேட்பது கோப்பின் வகையை மட்டுமன்று, ஒரு விஷயம் முடிந்துபோனது என்பதற்கான அடையாளத்தையும்தான்.

யந்திரத்தை நிந்திப்பது என் நோக்கமன்று என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஒரே மாணவனின் பெயரை வருகைப் பதிவேட்டிலும், மதிப்பெண் பட்டியலிலும், உதவித்தொகை விண்ணப்பத்திலும், மாற்றுச் சான்றிதழிலும் திரும்பத் திரும்ப எழுதுகிற ஆசிரியரையும், ஒரே கர்ப்பிணியின் விவரத்தைப் பல பதிவேடுகளில் ஏற்றிவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிற கிராம சுகாதாரச் செவிலியரையும் நேரில் கண்டவன், படியெடுக்கும் வேலையில் ஏதோ புனிதம் இருப்பதாக வாதாட மாட்டான். கையால் படியெடுப்பதில் பிழைகளும் ஏராளம். ஏடு பெயர்த்து எழுதியவர்களின் கைப்பிழையால் நம் இலக்கியங்களில் எத்தனை பாடபேதங்கள் நேர்ந்தன என்று பதிப்பாசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். சங்கச் சந்தா ரசீது விஷயத்தில் என் மருமகன் செய்த ஏற்பாடு எனக்கு எவ்வளவோ சௌகரியத்தைத் தந்திருக்கிறது. பெயர், வீட்டு எண், தொகை, தேதி. இந்த நான்கைத் தவிர அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதை யந்திரம் செய்யட்டும், மகிழ்ச்சியோடு செய்யட்டும்.

கூட்ட நடவடிக்கை என்பது ரசீது அன்று. அதை நான் கற்றுக்கொண்டது ஆவணி மாதத்துக் கூட்டத்தன்று.

அன்று பொருளாளர் வரவு செலவு வாசித்துக்கொண்டிருக்கையில் நான் கைப்பேசியில் கூட்டிக்கொண்டே வந்தேன், கணக்கு உதைத்தது. அவர் என்னுடைய முப்பதாண்டுச் சிநேகிதர். சபையில் கேட்டால் புண்படுவார் என்று கருதி, என் ஞாபகத்துக்காக, "மோட்டார் செலவில் 640 ரூபாய் இடிக்கிறது, பொருளாளரைத் தனியாகக் கேட்க" என்று ஒரு வரி எழுதிக்கொண்டேன். பல்லாண்டுப் பழக்கத்தால் இப்படிப்பட்ட வரிகளை நோட்டின் ஓரத்தில் சாய்வாக எழுதுவது என் வழக்கம். கைப்பேசியில் ஓரமும் இல்லை, சாய்வும் இல்லை. கூட்டம் கலைந்ததும் வழக்கம்போல் குறிப்பை அடைவுக்குள் தள்ளிவிட்டு, தேங்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். "என்ன இப்படி எழுதி ஊருக்கே அனுப்பியிருக்கீங்க?" என்றாள். சங்கத்தின் முத்திரையோடும், பதிவு எண்ணோடும், 'தீர்மானம் 7' என்ற வரிசை எண்ணோடும், கீழே நீல நிறத்தில் என் கையொப்பத்தோடும், அந்த வரி எண்பத்து மூன்று வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மின்னஞ்சலிலிருந்து தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அதை யாரோ ஏற்றியிருந்தார்கள். அந்த 640 ரூபாய், மோட்டார் சுற்றிய மெக்கானிக்கின் கூலியை நான் இரண்டு தடவை கூட்டியதால் வந்தது என்பது, இரவு பத்து மணிக்கு நோட்டில் மறுபடி போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. பொருளாளர் மறுநாள் காலை வந்து பேரேட்டை என் திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனார். பிறகு அவரைச் சமாதானப்படுத்த எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

இதில் யந்திரத்தின் பிழை ஒன்றுமேயில்லை. எழுதியது நான், தள்ளியது நான், அது சொன்னபடி செய்தது. ஆனால் அவ்வரி என் குறிப்பில் இருந்தவரையில் ஒரு சந்தேகம். தஸ்தாவேஜில் ஏறியதும் ஒரு குற்றச்சாட்டு. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. உடை மாறியது, அவ்வளவே. மனிதன் தனக்குத் தானே பேசிக்கொள்வதற்குக் குறிப்பு என்று பெயர். பிறருக்கு முன் நின்று, இதற்கு நான் பொறுப்பு என்று சொல்வது தஸ்தாவேஜு. ஒன்று மற்றொன்றின் சுருக்கமன்று; இரண்டும் வெவ்வேறு ஜாதி. இரண்டுக்கும் நடுவே முன்பு என் அலமாரியில் கழிந்த இரண்டு மூன்று நாட்களை வெறும் தாமதம் என்றே நானும் என் மருமகனும் கணக்கிட்டோம். அந்த நாட்களில்தான் கோபம் ஆறியது, கூட்டல் சரிபார்க்கப்பட்டது, சொல்லத் தகாதது உதிர்ந்தது.

கையொப்ப விஷயத்தையும் தனியே குறிப்பிடவேண்டும். மாதிரித் தாளில் என் கையொப்பத்தின் படத்தை ஒட்டிவைத்த தினத்திலிருந்து, நான் படித்துப் பார்க்காத ஒவ்வொரு காகிதத்திலும் நான் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்றுக்கொள்கிற மின்னணுக் கையொப்பம் இதுவன்று. அது கணிதச் சாவிகளால் ஆனது, கோப்பின் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒட்டியது வெறும் சித்திரம். ஆனால் எங்கள் தெருவில் எத்தனை பேருக்கு அந்த வித்தியாசம் தெரியும்? எனக்கே அன்று தெரியாது.

சோழர் காலத்துச் சாசனங்களைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அரசன் வாய்மொழியாக ஆக்ஞையிடுவான். அதைக் கேட்டுக்கொள்பவர் ஒருவர். ஓலையில் எழுதுகிற திருமந்திர ஓலை என்னும் அதிகாரி ஒருவர். எழுதியதைப் பார்த்து ஒப்பமிட மேலே திருமந்திர ஓலை நாயகம் என்று ஒருவர். அதன் பின்னரே அது வரிப்பொத்தகத்தில் ஏறும், அங்கும் பலர் பார்த்து ஒப்பமிடுவார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயை ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் என்று இன்று பெயர் பெற்றிருக்கிற 21 ஏடுகளில் அது செம்பில் ஏறி நிலைபெற்றதோ அவன் குமாரன் ராஜேந்திரனின் காலத்தில். கப்பல் கட்டிக் கடாரம் வரை சென்ற ஓர் அரசில் எழுத்தர்களுக்குப் பஞ்சமில்லை. வேகமாக எழுதத் தெரியாமலும் இல்லை. அரசன் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கும் செம்பில் வெட்டப்பட்ட வார்த்தைக்கும் நடுவே இத்தனை கண்கள் படவேண்டும் என்று அவர்கள் ஏற்படுத்தியிருந்தார்கள். நாங்கள், ஒரு தெருவின் சங்கம், ஒரே மத்தியானத்தில் நாயகத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.

தெருச் சங்கத்தின் கதையை வைத்துக்கொண்டு தேசத்துக்குப் புத்தி சொல்கிறானே என்று வாசகர் சிரிக்கலாம். தேசத்தின் கதையும் உண்டு. கொரோனா தடுப்பூசிக் காலத்தில், செவிலியர் ஒரு திரையில் பதிவுசெய்த விவரம், அடுத்த சில நிமிஷங்களில், கட்டக்குறியீடு பொறித்த பி.டி.எஃப். சான்றிதழாகக் கோவின் தளத்தில் காத்திருந்தது. 2021 அக்டோபர் 21 அன்று நூறு கோடித் தவணைகளையும், 2022 ஜூலை 17 அன்று இருநூறு கோடித் தவணைகளையும் நம் நாடு தாண்டியது. அத்தனைக்கும் சான்றிதழை மனிதர் கையால் எழுதுவதென்றால் ஒரு தலைமுறை குமாஸ்தாக்கள் போதமாட்டார்கள். அந்தச் சாதனையை நான் மெச்சுகிறேன். ஆயினும் அதே நாட்களில், இரண்டாம் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களுக்குப் போட்டாயிற்று என்றும், இறந்துபோனவர்களுக்கும்கூடப் போட்டாயிற்று என்றும் சான்றிதழ்கள் வந்ததாகப் பத்திரிகைகளில் செய்திகள் வெளியாயின. திரையில் தவறாக விழுந்த ஒரு பதிவு திரையளவில் ஒரு தவறு. கட்டக்குறியீடும் அரசு முத்திரையும் ஏற்றுச் சான்றிதழாகி வந்தபின், அது தவறென்று நிரூபிக்கும் பாரம் ஊசி போட்டுக்கொள்ளாதவன் தலையில் விழுந்தது. பெயரையும் பிறந்த ஆண்டையும் பாலினத்தையும் திருத்திக்கொள்ள அத்தளத்தில் பின்னர் வழிசெய்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

இன்னொரு விபரீதம் மெல்ல நேர்ந்ததால் வெகுநாள் என் கண்ணில் படவில்லை. ஆவணிக் கூட்டத்துக்குப் பிறகு நான் எச்சரிக்கையாக எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே இது எண்பத்து மூன்று வீட்டுக்குப் போகும் என்ற நினைவு கையைப் பிடித்தது. 'கிழக்குத் தெரு ராஜி வீட்டில் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள், ஆனால் குழாய் அடைப்பாக இருக்கலாம், பார்க்க' என்று எழுதவேண்டிய இடத்தில், 'தண்ணீர்ப் புகார்: 1' என்று எழுதினேன். மூன்று மாதம் சென்றபின் திரும்பிப் பார்த்தால், என் குறிப்புகளில் நான் இல்லை. படிவம் பூர்த்தி செய்தவன் ஒருவன் இருந்தான். யந்திரம் குறிப்பைத் தஸ்தாவேஜாக மாற்றுவதாகச் சொன்னார்கள். அது குறிப்பெடுப்பவனை மாற்றியது. யோசிப்பதற்கென்று மனிதன் வைத்திருந்த ஓரங்களையெல்லாம் அடைத்துவிட்டு, யோசித்து முடித்ததை மட்டும் எழுது என்று அது மௌனமாகக் கட்டளையிட்டது. இப்பொழுது கூட்டத்தில் நடக்கும் பேச்சைத் தானே கேட்டுத் தானே சுருக்கம் எழுதும் செயலிகளும் வந்துவிட்டன என்று மருமகன் சொல்கிறான். எங்கள் கூட்டத்தில் ஒரே சமயத்தில் ஆறு பேர் பேசுவார்கள். அது எதைக் கேட்குமோ, எனக்குத் தெரியவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வழியில் பிரத்தியேகமான ஒரு கண்டமும் இருக்கிறது; அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதைப் பற்றி விளம்பரங்களில் ஒருவரும் சொல்வதில்லை. வார்னாக் தம் கட்டுரையை எழுதிய அதே 1991-ஆம் ஆண்டில்தான் யூனிகோட் என்னும் உலக எழுத்துக் குறியேற்றத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது, தமிழ் எழுத்துகளும் அதில் இடம்பெற்றன. ஒரே வயதினவாகிய இவ்விரண்டின் சுபாவமும் நேர் எதிரானது. யூனிகோட் எழுத்தை அறியும், உருவத்தைப் பற்றிக் கவலைப்படாது, பி.டி.எஃப். உருவத்தை அறியும், எழுத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. 'கொ' என்பதை யூனிகோட் ககரம், அதன்பின் ஒகரக் குறி என்று உச்சரிக்கும் முறையிலேயே நினைவில் வைக்கிறது. எழுதிக் காட்டும்போதோ ஒற்றைக் கொம்பு இடப்பக்கமும் துணைக்கால் வலப்பக்கமுமாகப் பிரிந்து நிற்கவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கு ஹார்ஃப்பஸ் போன்ற நுட்பமான இயந்திரங்கள் தேவை. பி.டி.எஃப். செய்யும் எளிய கருவிகள் பலவற்றில் அது கிடையாது. அவை கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று கைதட்டிக்கொள்கின்றன. பி.டி.எஃப். விதியில் ஆதிமுதல் குறிக்கப்பட்ட பதினான்கு நிலையான எழுத்துருக்களில் ஒன்றுகூடத் தமிழுக்கு உதவாது. எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துப் பொதியாவிட்டால் எழுத்துகள் வரவேண்டிய இடத்தில் கட்டங்கள் வரிசைகட்டி நிற்கும்.

அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழை; கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். தெரியாத பிழையே ஆபத்தானது. கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றும் தமிழ்ப் பி.டி.எஃப். ஒன்றில் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பல சமயங்களில் கொம்பு முன்னே ஓடிவந்து, ககரம் தனியே நின்று, கால் அநாதையாகத் தொங்கும். வரைந்த உருவங்களின் வரிசையைத்தான் கோப்பு வைத்துக்கொண்டிருக்கிறது, எழுத்தின் வரிசையை அன்று. எங்கள் சங்கத்தின் ஒன்பது மாத நடவடிக்கைகளில் 'கோயில்' என்ற சொல்லைத் தேடினேன். பிள்ளையார் கோயில் மண்டபத்திலேயே நடந்த கூட்டங்கள். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் அச்சொல் இருக்கிறது. அப்படி ஒரு சொல்லே இல்லை என்று கைப்பேசி பதில் சொல்லிற்று. பாமினி, வானவில் அவ்வையார் முதலிய பழைய எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட கோப்புகளின் கதி இன்னும் மோசம். அவற்றை நகலெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமே கொட்டும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பின்னும் பழைய எழுத்துருக்களில் பிறந்த பி.டி.எஃப்.கள் இணையத்தில் எத்தனையோ உலவுகின்றன. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் கொண்டு அவற்றைப் படிக்க முயன்றால் என்ன கேட்பார் என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. நெடுங்காலப் பாதுகாப்புக்கென்று வகுத்த பி.டி.எஃப்./ஏ என்ற தரத்தில், ஒவ்வோர் உருவமும் எந்த எழுத்தென்று குறிக்கப்பட்டே ஆகவேண்டும் என்று விதிக்கும் படிநிலைகள் உண்டு. உருவத்தோடு மெய்யான வாசகத்தையும் மறைவாகச் சேர்த்துவைக்கும் உபாயமும் உண்டு. வழி இருக்கிறது, கேட்பாரில்லை.

ஆகையால் என் அபிப்பிராயம் இதுதான். குறிப்புச் செயலியையும் பி.டி.எஃப். செயலியையும் இணைக்கிறவர்கள் தாராளமாக இணைக்கட்டும். ஆனால் அனுப்பும் வேலையையும் அதே சங்கிலியில் கோக்கவேண்டாம். கோப்பு தயாராகி ஓரிடத்தில் காத்திருக்கட்டும்; மனிதன் ஒருவன் அதைப் படித்து, படித்தேன் என்று தன் பெயரால் குறியிட்ட பிறகே அது வாசலைக் கடக்கட்டும். கையொப்பம் மாதிரித் தாளில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கக் கூடாது, கடைசியில்தான் வரவேண்டும். குறிப்பில் யந்திரம் தொடக்கூடாத ஒரு பகுதி இருக்கவேண்டும். தமிழ் வாசகமாயின், அழகிய பி.டி.எஃப். ஒன்றையே கையிருப்பு என்று நம்பாமல், அதைப் பெற்றெடுத்த மூலக் குறிப்பை யூனிகோட் எழுத்தில் கூடவே பத்திரப்படுத்தவேண்டும். முப்பது ஆண்டு கழித்து எவரேனும் தேடினால் அகப்படுவது அதுவாகத்தான் இருக்கும். அரசு அலுவலகங்கள் இத்தகைய ஏற்பாடுகளை விலைக்கு வாங்கும்போது, தாள் எப்படித் தோன்றுகிறது என்று பார்ப்பதோடு, அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்க்கவும் வேண்டும். பத்து விநாடிகூட ஆகாத பரீட்சை.

இதையெல்லாம் நான் தொலைபேசியில் சொன்னபோது மருமகன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "அப்படின்னா பாதி ஆட்டோமேஷன்தானே மாமா?" என்றான். ஆமாம் என்றேன். மறு ஞாயிற்றுக்கிழமை வந்து, குறிப்பின் அடியில் 'ஓரம்' என்று ஒரு பகுதியைப் பிரித்துக்கொடுத்தான்; அதில் எழுதுவதை இடையாள் தொடாது. 'பார்த்தேன்' என்று ஒரு சிறு கட்டத்தையும் வைத்தான். அதில் நான் குறியிட்டால்தான் தபால் புறப்படும். எழுத்து வரிசை கெடாமல், உலாவியின் வழியாகவே பி.டி.எஃப். அச்சாகும்படி மாற்றியமைத்தான். 'கோயில்' இப்போது அகப்படுகிறது.

தை மாதக் கூட்டத்தின் நடவடிக்கை செவ்வாய்க்கிழமையிலிருந்து தயாராகக் காத்துக்கொண்டிருக்கிறது. பூங்காவுக்கு வேலி போடும் தீர்மானத்தில் 'ஏகமனதாக' என்ற சொல்லை வைப்பதா எடுப்பதா என்று எனக்கு இன்னும் நிச்சயப்படவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் கையைத் தூக்கவில்லை, எதிர்ப்பும் சொல்லவில்லை. நேற்று மாலை பொருளாளர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, "என்ன ஓய், இந்த மாசத்து மினிட்ஸ் இன்னும் வரலையே, மிஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"மிஷின் நன்றாக இருக்கிறது, அந்த மூணு பேரையும் ஒரு தடவை பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன்" என்றேன்.